நாற்பது கெளுத்திகள்

மீனின் வாயை ருக்ஸார் நம்பமாட்டாள், வயிற்றைத்தான் நம்புவாள். மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ்கள் திரும்புகிற முக்கில் பதினாறு வருஷமாக அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருக்கிறவள். ஷிப்டு முடிந்து வருகிற ஆட்கள் "ஏரி மீனா, பண்ணை மீனாக்கா?" என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாமல் வயிற்றைக் கீறிக் காட்டுவாள். ரோகுவின் வயிற்றில் பச்சையாகப் பாசி இருக்கும். கட்லாவின் வயிற்றில் தண்ணீரில் மிதக்கிற பொடிப்பூச்சிகள் கூழாகக் கிடக்கும். விராலுக்குள் தவளைக்கால் இருக்கும்; சில நாள் அரை விரல் நீளத்துக்கு மீன்குஞ்சு முழுசாகவே இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் அவளால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோழிக்குடல், எலி, பாம்புக்குட்டி, தன் உடம்பில் பாதி நீளமுள்ள இன்னொரு மீன் என்று எதுவும் வரும்.

"ஏரியில யாரும் சும்மா சாவறதில்ல. யாரோ ஒருத்தரு வயித்துலதான் சாவறாங்க" என்று சொல்லிக்கொண்டே குடலை உருவிப் போடுவாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொன்னதில்லை.

அவளுக்கு மன்சூர் என்று ஒரே தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. மீனில் முள் எடுத்து, விரலால் இன்னொரு தரம் நசுக்கிப் பார்த்து, ஊட்டி வளர்த்தவள் ருக்ஸார்தான். அவளுக்குக் கல்யாணமும் ஆனது, அது மூன்று வருஷத்தில் இல்லை என்றும் ஆனது. பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் இவன்தான் மூத்த பிள்ளையாக இருந்திருப்பான்.

மன்சூர் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தான். தகட்டை வைத்து இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அமுக்கினால்தான் மெஷின் இறங்க வேண்டும். அப்படிச் செய்தால் எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஷின் மன்சூரின் வலது கையில் இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தகட்டோடு தகடாகப் போயின. ஆஸ்பத்திரியில் கண் விழித்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, அந்த மெஷின் முன்னாடி என்னை மறுபடியும் நிக்க வுடாத" என்பதுதான். அவள் குர்ஆன் மேல் ஆணையிடவில்லை. அவன் தலையில் கை வைத்து ஆணையிட்டாள். அவளுக்கு அது கொஞ்சமும் குறைந்த ஆணை இல்லை.

தொரப்பள்ளியைத் தாண்டி இருக்கிற குட்டேரியை மன்சூர் மீன் வளர்க்க மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தது அப்படித்தான். கூட்டாளி மாதேஸ்வரன். அதே பிரஸ் ஷாப்பில் பக்கத்து மெஷினில் நின்றவன். மன்சூரின் விரல்களைப் பஞ்சுக் கழிவில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவன். அன்றைக்கே வேலையை விட்டவனும் அவன்தான். ஏரிக்குக் கீழே அவன் வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஏரி பிழைத்தால் மன்சூருக்கு பிரஸ் இல்லை. ஏரி போனால் திரும்ப அந்த மெஷின்தான், இரண்டு விரல் இல்லாதவனை வேறு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை.

ஏரியின் பெயரை மன்சூர் முதல்முதலாகச் சொன்ன அன்று ருக்ஸார் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு எட்டு மாதம் முன்னால், ஆப்பிரிக்கக் கெளுத்தி விற்கக்கூடாது என்று அதிகாரிகள் ரோட்டோரக் கடைகளைச் சோதனை போட்டு வந்தார்கள். அவளுடைய நீல டிரம்மில் உயிரோடு நாற்பது கெளுத்திகள் இருந்தன. சாக்கடையில் கொட்டினால் தெருவே பார்க்கும். அடித்துக் கொல்லலாம் என்றால் கெளுத்தி சுலபத்தில் சாகிற ஜாதி இல்லை; தலையில் நாலு அடி வாங்கிய பிறகும் வாலால் அறையும். பின்பக்கச் சந்து வழியாக டிரம்மைப் பக்கத்துத் தெரு திம்மப்பனின் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், யாருக்கும் உதவாமல் கிடந்த ஓர் ஏரியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அது குட்டேரி. நாற்பது மீன், அவ்வளவு தண்ணீர். கடலில் காயம் கரைத்த கதைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மன்சூர் குத்தகை எடுத்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோடையில் ஏரி குட்டையாகச் சுருங்கியதும் மன்சூரும் மாதேஸ்வரனும் இலுப்பைப் புண்ணாக்கை மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றினார்கள். வளர்ப்புக் குஞ்சு விடுவதற்கு முன்னால் பழைய மீனையெல்லாம் கொல்வது வழக்கம். ஒரு மணி நேரத்தில் குட்டை கொதித்தது. விரால்கள் கரைக்கே பாய்ந்து மண்ணில் துள்ளிச் செத்தன. கெண்டை, குறவை, அயிரை எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ருக்ஸார் கரையோரமாக நடந்து ஒவ்வொரு பிணமாகக் கோலால் புரட்டிப் பார்த்தாள். மீசை வைத்த கறுப்புத் தலை ஒன்றுகூட இல்லை.

"என்னாக்கா தேடற?" என்றான் மன்சூர்.

"ஒண்ணுமில்ல. எதாச்சும் தப்பிச்சிருக்குதான்னு பாக்கறேன்."

"எதுவும் தப்பிக்காது. ஏரி இப்ப காலி சிலேட்டு."

முன்னமே பருந்தும் கொக்கும் தின்று தீர்த்திருக்கும் என்று அவளும் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. மதகடியில் கல்லுக்குக் கீழே ஈரச் சேறு இருந்ததையும், சேற்றுக்குள் புதைந்துகொண்டு காற்றைக் குடித்து மாதக்கணக்கில் கிடக்கிற மீன் எது என்பதையும் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் கிடையாது. கெளுத்திக் குஞ்சைத் தின்னக்கூடிய விரால் அத்தனையும் அன்றைக்குக் கரையில் நாறிக்கொண்டிருந்தது.

மழை வந்தது, ஏரி நிறைந்தது, பன்னிரண்டாயிரம் குஞ்சு விட்டார்கள். முதல் வருஷம் ஓரளவு எடுத்தார்கள். இரண்டாம் வருஷம் வலை லேசாக வந்தது. மன்சூர் நீர்க்காகங்களைப் பழி சொன்னான். கரையில் பட்டாசு கட்டினான், கவண்கல் விட்டான், கடைசியில் அவை அடையும் கருவேலமரத்தில் கண்ணிவலை கட்டி, சிக்கியதையெல்லாம் கழுத்தைத் திருகினான். ஒன்றின் தொண்டையைக் கிழித்து ருக்ஸாரிடம் காட்டினான். உள்ளே ரோகுக் குஞ்சு இருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. அதே தொண்டையில் ரோகுக்கு அடியில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக இன்னொன்றும் இருந்தது. அதற்கு மீசை இருந்தது. ருக்ஸார் பார்த்தாள். நீர்க்காகத்தை மண்ணில் போட்டு மிதித்தாள்.

நீர்க்காகங்கள் ஒழிந்தன. மீன் கூடவில்லை, இன்னும் குறைந்தது. அடுத்த பழி நீர்நாய்கள் மேல் விழுந்தது. தென்பெண்ணை ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக ஏறி வந்த ஜோடி அது. மதகுக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி, முன்னங்காலில் மீனைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கறுக்முறுக்கென்று கடித்துத் தின்னும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் மன்சூருக்கு ரத்தம் தலைக்கேறும்.

"என் மீனைத் திங்கல அது. என் கையைத் திங்குது" என்பான், மூன்று விரலைத் தூக்கிக் காட்டி.

கீழ்நிலத்துக்காரர் நாராயணப்பன், மாதேஸ்வரனின் பெரியப்பன், ஒரு நாள் நிறுத்திச் சொன்னார்: "பேடப்பா, அதுங்களத் தொடாத. ஃபாரஸ்ட்காரன் வந்தா உள்ள தூக்கி வெச்சுருவான். எத்தினி நாளாவோ இருக்குதுங்க, இப்பத்தான் உன் மீனைத் திங்க ஆரமிச்சுதா?"

நல்ல கேள்வி. கேட்கிற நிலையில் மன்சூர் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மீன் எடுக்க ருக்ஸார் விடிந்ததும் ஏரிக்கு வந்தாள். மதகுப் பக்கம் குழந்தை வீறிடுவதுபோல் சத்தம் கேட்டது. ஓடினாள். சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த கண்ணியில் ஆண் நீர்நாய் இடுப்போடு மாட்டியிருந்தது. கம்பி சதையை அறுத்து உள்ளே போய்விட்டது. அது சுற்றிச் சுற்றித் தன் வயிற்றையே கடித்தது. தண்ணீரில் பெட்டை தலையைத் தூக்கி விசிலடிப்பதுபோல் கத்திக்கொண்டு அங்குமிங்கும் பாய்ந்தது. மாதேஸ்வரன் கண்ணிக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மன்சூர் கையில் இரும்புக் கம்பி.

ருக்ஸார் பாறைமேல் ஏறினாள். காலில் எதுவோ குத்தியது. குனிந்து எடுத்தாள். நீர்நாய்கள் தினமும் ஒரே இடத்தில்தான் கழிக்கும். அந்தக் காய்ந்த எச்சம் பாறை முழுக்க இருந்தது. அதற்குள்ளிருந்து துருத்திக்கொண்டிருந்தது ஒரு முள். ஒரு பக்கம் ரம்பம்போல் பல் வைத்த முள். இத்தனை வருஷத்தில் நூறு தடவை அவள் கட்டைவிரலைக் கிழித்த முள். எச்சத்தை விரலால் நொறுக்கினாள். மறுபடி ஒரு முள், சொரசொரப்பான மண்டையோட்டுச் சில்லு, மறுபடி முள். ரோகுவும் கட்லாவும் தின்றிருந்தால் செதில் இருக்க வேண்டும். செதில் ஒன்றுகூட இல்லை. கெளுத்திக்குத்தான் செதில் கிடையாது.

அவளுக்கு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கிவிட்டது. மீனைத் தின்றது எது, அதைத் தின்று இத்தனை நாள் ஏரியைக் காப்பாற்றியது எது என்பது.

"மன்சூரு, நில்லு!"

அவன் ஓங்கிய கம்பியோடு திரும்பினான். "என்னாத்துக்கு?"

கையில் முள் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வரிதான். சொன்னால் அடுத்த கேள்வி, ஏரியில் கெளுத்தி எப்படி வந்தது என்பது. நாலு வயதிலிருந்து முள் எடுத்து ஊட்டியவளை அவன் பார்க்கப்போகிற அந்தப் பார்வையை நினைத்தாள். முள்ளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஃபாரஸ்ட்டு..." என்றாள்.

"வரட்டும்" என்றான் மன்சூர்.

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது தாடையில். பற்கள் பாறையில் தெறித்தன. நாலாவது அடிக்குப் பிறகும் அது காலை உதைத்தது. மன்சூர் அடித்துக்கொண்டே இருந்தான், உதைப்பு நின்றுபோன பிறகும் அடித்தான், மெஷின் இறங்குகிற தாளத்தில் அடித்தான். ரத்தம் ருக்ஸாரின் செருப்பு வரை வந்தது. பெட்டை ஒரு தடவை கரைக்கே வந்து, செத்ததை மோந்து பார்த்து, தண்ணீருக்குள் போய்விட்டது. மாதேஸ்வரன் கயிற்றைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தான். ருக்ஸார் அந்த முள்ளை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று அவள் செய்ததை நான் மன்னிக்கமாட்டேன். அவளும் மன்னிக்கவில்லை.

அடுத்த கோடையில் நாராயணப்பனின் கடைசிப் பாய்ச்சலுக்குத் தண்ணீர் போனதும் ஏரி இடுப்பளவுக்கு இறங்கியது. பெரிய வலையை இறக்கினார்கள். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் இழுத்தார்கள். வலை கனத்தது. மன்சூருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியாக்கா! கனத்தப் பாத்தியா!" என்று சேற்றுக்குள்ளிருந்து கத்தினான். கரையில் நின்ற ருக்ஸாருக்கு வலைக்குள் புரளுவதன் நிறம் முன்னமே தெரிந்துவிட்டது. ரோகு வெள்ளி அடிக்கும். இது கறுப்பாகப் புரண்டது.

கையளவு, முழங்கையளவு, ஆள் தொடையளவு கெளுத்திகள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கில். நடுநடுவே நாலைந்து கட்லாக்கள், அவையும் வால் கடிபட்டு. பன்னிரண்டாயிரத்தில் மிச்சம் அதுதான்.

பிறகு ஒருவன் கட்டையை எடுத்து முதல் தலையில் போட்டான். அவ்வளவுதான், வலை இழுத்தவர்கள் வெறிபிடித்த மாதிரி அடிக்க ஆரம்பித்தார்கள். கட்டை, மண்வெட்டி, கல், கைக்குக் கிடைத்தது எல்லாம். மண்டை உடைந்தும் அவை சேற்றில் நெளிந்து தண்ணீரை நோக்கி நகர்ந்தன. முள் குத்தி ஆட்கள் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். சேறு சிவந்தது. மன்சூர் மட்டும் அடிக்கவில்லை. ஒரு பெரிய கெளுத்தியை இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் காலடியில் போட்டான்.

"கீறு."

கீறினாள். உள்ளே மூன்று ரோகுக்கள் இருந்தன, ஒன்றுக்கு இன்னும் கண் மங்கவில்லை.

மன்சூர் அதைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி மாதேஸ்வரனைப் பார்த்தான். மாதேஸ்வரனின் சித்தப்பா மகன் ஆனேக்கல் பக்கம், கர்நாடகாவில், கோழிக்கழிவு போட்டுக் கெளுத்தி வளர்க்கிறவன். அது எல்லோருக்கும் தெரியும்.

"ஏன்டா?" என்றான் மன்சூர், மெதுவாக.

"என்னாது?"

"உன் பங்காளி குஞ்சை நீதானடா வுட்ட? நான் தோத்துப் போனா ஏரிய நீங்களே எடுத்துக்கலாம்னு?"

"டேய், உன் விரலைத் தூக்கிக்கினு ஓடுனவன்டா நானு."

"அதான் என் ரத்தத்த ருசி பாத்துட்ட."

கம்பி எங்கிருந்து கைக்கு வந்தது என்று ருக்ஸார் பார்க்கவில்லை. முதல் அடி மாதேஸ்வரனின் வலது முட்டியில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அவன் சேற்றில் குப்புற விழுந்தான், முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இரண்டாம் அடிக்கு மன்சூர் தலைக்குக் குறிவைத்து ஓங்கினான். ருக்ஸார் வழுக்கிக்கொண்டு ஓடி மாதேஸ்வரன்மேல் விழுந்தாள்.

"நான்தான்டா! நான் வுட்டது! டிரம்முல இருந்ததக் கொட்டுனேன், ரெய்டு வந்தப்போ. அவன் இல்ல, நான்!"

கம்பி மேலேயே நின்றது. மதகுப் பாறையைக் கைகாட்டி அவள் கொட்டித் தீர்த்தாள்: எச்சத்தில் கண்ட முள், நீர்க்காகத்தின் தொண்டையில் கண்ட மீசை, அந்த வெள்ளிக்கிழமை காலை விழுங்கிய வார்த்தை எல்லாம். முந்தானை முடிச்சில் அந்த முள் இன்னும் இருந்தது. அவிழ்த்து நீட்டினாள்.

"எத்தினி?" என்றான் மன்சூர்.

"நாப்பது."

"நீர்நாயை அடிச்சப்போ தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் கம்பியைச் சேற்றில் போட்டான். அவளை ஒதுக்கிவிட்டு மாதேஸ்வரனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு கரையேறினான். முட்டி எலும்பு வெளியே தெரிந்த காலை மூன்று விரல் கை தாங்கியிருந்தது. வழியெல்லாம் அவன் அழுத சத்தம் ஏரிக்கரையில் நின்றவர்களுக்குக் கேட்டது.

மதகுக் கல்லில் வழுக்கி விழுந்ததாக மாதேஸ்வரன் போலீஸில் எழுதிக் கொடுத்தான். ஆபரேஷன் செய்து முட்டியில் கம்பி வைத்தார்கள். சேற்றில் இறங்கவே கூடாது என்றார்கள். அவன் பழி சொல்லியிருந்தால்கூட மன்சூர் தாங்கியிருப்பான். மன்னித்ததைத்தான் தாங்க முடியவில்லை. பத்தாம் நாள் ஏரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரஸ் ஷாப்புக்குப் போனான். இப்போது மாதேஸ்வரன் வீட்டையும் சேர்த்து இரண்டு வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். ருக்ஸார் வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"போவாதடா. உன் தலையில கை வெச்சு சொல்லியிருக்கறேன்."

"கையை எடுத்துட்டதா நெனச்சுக்கோ" என்றான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

ஏரி இப்போது யாருடையதும் இல்லை. ருக்ஸார் தினமும் விடியலில் போய்த் தூண்டில் வரிசை போட்டு வருகிறாள். நாற்பது நாற்பதாகப் பிடித்தாலும் தீராது என்று தெரியும். பிடித்ததைப் பாறையிலேயே மண்டையை நசுக்கி, முழுசாகச் செத்ததா என்று வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். இரண்டு மீனைப் பாறையில் விட்டுவிட்டு வருவாள். மறுநாள் அவை அப்படியே எறும்பு மொய்த்துக் கிடக்கும். பெட்டை நீர்நாய் திரும்பி வரவில்லை.

உரத்துக்குத் தென்னந்தோப்புக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் அந்தக் கெளுத்திகளை. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் வயிற்றையும் கீறிப் பார்ப்பது அவள் வழக்கம். முதல் மாதம் தவளை இருந்தது, முக்குளிப்பான் குஞ்சு இருந்தது. பிறகு வெறும் நத்தைகள். பிறகு ஒன்றும் இல்லை. இன்று காலை கடையில் ஒரு பெரிய பெட்டைக் கெளுத்தியைக் கீறினாள். வயிறு புடைத்திருந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஐந்து கறுப்புக் குஞ்சுகள், மீசையோடு, பாதி செரித்து.

நைட் ஷிப்டு முடிந்து வந்த வாடிக்கைக்காரன் ராஜேஷ்குமார் எட்டிப் பார்த்தான். "என்னாக்கா அது வயித்துல?"

"அதோட குஞ்சுதான்" என்றாள் ருக்ஸார். "வேற எதுவும் மிச்சமில்ல, அதான்."

முக்கில் கம்பெனி பஸ் திரும்பியது. அவள் ரத்தக் கையோடு எழுந்து நின்றாள், தினமும் நிற்பதுபோல. மன்சூர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான், மூன்று விரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. இன்றைக்கும் அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.